ஸ்பெயின் கோட்டைகளும் பழைய கிராமங்களும்: ஒன்பது நாளில் பதினான்கு இடம் பார்க்க முடியுமா?

மணப்பாட்டு_மணல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் நடுவில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்பெயின் போகிறேன். மத்ரித்தில் இறங்கி அங்கேயே திரும்ப விமானம் ஏற வேண்டும். நடுவில் இருப்பது ஒன்பது நாள். பார்சிலோனா, செவில்லே எல்லாம் இந்த முறை இல்லை. அப்பா முப்பது வருஷம் பள்ளியில் வரலாறு நடத்தியவர். அவருக்குக் கோட்டை வேண்டும், பழைய ஊர் வேண்டும். வயது 68, இடது முட்டியில் தொந்தரவு. சமதளத்தில் என்னை முந்திக்கொண்டு நடப்பார், படி இறங்கும்போதுதான் கஷ்டம்.

நான் எழுதி வைத்திருப்பவை: செகோவியா, கோக்கா, பெனியாஃபியெல், பெத்ராசா, சிகுவென்சா, கோன்சுவேக்ரா, பெல்மோன்தே, அலார்கோன், அல்பராசின், மொரெல்லா, அல்கேசர், லோவாரே, ஒலிதே, ஹவியேர்.

இதில் அப்பா வாய்விட்டுக் கேட்டது கடைசி ஒன்றைத்தான். மற்றதெல்லாம் படம் பார்த்து நான் சேர்த்தது. வாடகைக் கார் எடுக்கலாம் என்று இருக்கிறேன். எதை வெட்டட்டும்?

சரகோசா_வாசி

ஆறு வருஷமாக இந்தப் பக்கம் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். பத்தை வெட்டுங்கள்.

வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் இது மலையும் மேட்டுநிலமுமான நாடு. பெரிய சாலையை விட்டு இறங்கினால் அறுபது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அதோடு மதியம் இரண்டு மணி வாக்கில் பல கோட்டைகளைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள், நான்கு நான்கரைக்குத்தான் திறப்பார்கள். திங்கட்கிழமை பாதி இடங்கள் திறப்பதே இல்லை. அக்டோபரில் மாலை நேரமும் சுருங்கிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு இடம் என்று கணக்குப் போட்டால் இரண்டாவது இடத்தில் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

இன்னொன்று. இந்தக் கோட்டைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் நான்காவது நாளே எல்லாம் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும். இவை எல்லைக் காவல். கிறிஸ்தவ அரசுகளுக்கும் அல் அந்தலூஸ் (ஸ்பெயினில் முஸ்லிம்கள் ஆண்ட பகுதி) அரசுகளுக்கும் நடுவில் இருந்த எல்லை நூற்றாண்டுக் கணக்கில் தெற்கே தெற்கே நகர்ந்தது. அது எங்கெங்கே நின்றதோ அங்கெல்லாம் வரிசையாகக் கோட்டைகள் எழுந்தன. நடு ஸ்பெயினில் இருந்த பழைய ராஜ்யமான கஸ்தீலியாவின் பெயரே கோட்டையிலிருந்து வந்ததுதான். ஒரே ஒரு எல்லையைத் தேர்ந்தெடுத்து அதன் மேலேயே ஊர்ந்து போங்கள். அப்பா வரலாற்று ஆசிரியர் என்கிறீர்கள், அவருக்கு அதுதான் சுவைக்கும்.

ஹவியேர் கட்டாயம் என்றால் வடக்கு எல்லை உங்களுக்குத் தானாக அமைந்துவிட்டது. ஒலிதே, ஹவியேர், பக்கத்திலேயே சோஸ் (அரகோனின் ஃபெர்னாந்தோ மன்னர் 1452இல் பிறந்த ஊர்), அப்புறம் லோவாரே, அல்கேசர். ஐந்தும் நவார்ரா, அரகோன் என்ற இரண்டு பழைய ராஜ்யங்களுக்குள் அடங்கிவிடும்.

லோவாரேயைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லிவிடுகிறேன். பிரனீஸ் மலைக்கு முன்னால் ஒரு பாறை முதுகின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நவார்ரா மன்னர் மூன்றாம் சாஞ்சோ காலத்தில் தொடங்கியது. 1071க்குப் பிறகு சாஞ்சோ ராமிரேஸ் மன்னர் துறவிகளைக் கொண்டுவந்து வைத்துப் பெரிதாக்கினார். கீழே கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உவெஸ்கா சமவெளி, அப்போது அது முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. 1096இல் உவெஸ்கா அரகோன் கைக்கு வந்ததும் எல்லை தெற்கே போய்விட்டது, லோவாரேக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதனால்தான் பிழைத்தது. பின்னால் வந்தவர்கள் இடித்து அரண்மனையாக்கவில்லை, பீரங்கிக்கு ஏற்றபடி மாற்றவும் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய போர்க்கோட்டையின் உடம்பு அப்படியே நிற்கிறது.

உள்ளே போகும் படிக்கட்டு தேவாலயத்துக்கு அடியில் ஏறுகிறது. நீங்கள் தலைக்கு மேலே கோயிலைச் சுமந்துகொண்டு ஏறுகிறீர்கள். இருட்டிலிருந்து மேலே வந்து சான் பேத்ரோ ஆலயத்துக்குள் நுழைந்ததும் நிமிர்ந்து பாருங்கள், வட்டமான குவிமாடம். எல்லைக் கோட்டையில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று. சுவரில் சதுரங்கக் கட்டம் போலச் சின்னச் சின்னக் கல் கட்டிகள் மாறி மாறித் துருத்திக்கொண்டு ஓடும் ஒரு பட்டை தெரியும். ஹாக்கா ஊர்ப் பேராலயத்திலிருந்து பரவிய பாணி அது. ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அந்த வட்டாரம் முழுக்க அதையே தேடுவீர்கள்.

முட்டிக்கு: படி உண்டு, கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை. ஊன்றுகோல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

துவேரோ_காற்று

வாசி அண்ணா சொன்னதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் மத்ரித்திலிருந்து வடக்கே காரில் போகிறவர் கோர்மாஸைத் தொடாமல் போகக்கூடாது. பட்டியலில் அந்தப் பெயரே இல்லையே!

சோரியா மாகாணம், துவேரோ ஆற்றுக்கு மேலே ஒரு மொட்டைக் குன்று. அதன் உச்சியில் ஏறக்குறைய 400 மீட்டர் நீளத்துக்கு ஒரே மதில், சுற்றளவு ஒரு கிலோமீட்டருக்கும் மேல். கோர்தோபாவின் கலீஃபா இரண்டாம் அல் ஹக்கம் காலத்தில், 965 வாக்கில் தளபதி காலிப் கட்டி முடித்தது. உங்கள் மற்ற இடங்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே பார்க்கிற கோட்டைகள். இது தெற்கிலிருந்து வடக்கே பார்த்தது. எதிர்க்கட்சியின் வாதத்தைக் கேட்காமல் வழக்கை எப்படிப் புரிந்துகொள்வது?

நான் போனபோது டிக்கெட் கொடுக்கவும் ஆள் இல்லை, கதவும் இல்லை. நானும் ஒரு ஆட்டு மந்தையும்தான். தெற்குப் பக்கம் லாட வளைவு வாசல் ஒன்று இருக்கிறது, கோர்தோபா பெரிய மசூதியில் பார்க்கிற அதே வளைவு, ஆனால் உள்ளே கூரை இல்லை, புல்தான். அந்த வளைவுக்கு நடுவே நின்று வெளியே பார்த்தால் துவேரோ வளைந்து போவதும் வெட்டிய கோதுமை வயலும் தெரியும். காற்று மட்டும் பேய்க்காற்று. தொப்பி வேண்டாம், காதை மூடும் குல்லா எடுத்துப்போங்கள்.

அங்கிருந்து சற்று தூரத்தில் சான் பவுதேலியோ என்று ஒரு குட்டிக் கோயில். வெளியே பார்த்தால் கல் டப்பா. உள்ளே ஒரே ஒரு தூண், அதிலிருந்து ஈச்சமட்டை போல எட்டுக் கை விரிந்து கூரையைத் தாங்குகிறது. சுவர் முழுக்க ஓவியம் இருந்தது. 1920களில் பெரும்பகுதியை உரித்து அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார்கள். சிலது திரும்பி வந்து மத்ரித்தின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவரில் இப்போது பார்ப்பது உரித்தபின் ஒட்டிக்கொண்டிருந்த சாயம். யானையும் ஒட்டகமும் வேட்டைக்காரனும் நிழல் மாதிரி. எனக்கு அங்கே தொண்டை அடைத்தது. மத்ரித்தில் முதல் நாள் பிராதோவில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, இரண்டாம் நாள் இந்த வெறும் சுவரைப் பாருங்கள்.

கல்தச்சன்

ஒலிதேயைச் சேர்க்கச் சொல்கிறார்கள், சரி. ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து போவது நல்லது. கோபுரமும் கூம்புக் கூரையுமாக அங்கே நிற்பதில் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டு. நவார்ராவின் மூன்றாம் கார்லோஸ் மன்னர் 1400ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டிய அரண்மனை. 1813இல் நெப்போலியன் படையோடு நடந்த போரில், பிரெஞ்சுக்காரர்கள் அதை அரணாக்கிக்கொள்ளக் கூடாது என்று ஸ்பெயின் தரப்பே கொளுத்திவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் இடிபாடு. 1937இல்தான் மறுகட்டுமானம் தொடங்கியது. நான் மரபுக் கட்டடப் பணியில் இருப்பவன். எது பழைய கல், எது புதுக் கல் என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரகோசா_வாசி

கல்தச்சன் ஐயா, தகவல் சரி, முடிவில்தான் எனக்கு இடறுகிறது. நான் ஒலிதேக்கு மூன்று முறை போயிருக்கிறேன். என் மகளுக்கு ஒன்பது வயதில், அரசர் எங்கே படுத்தார், தோட்டம் எப்படி மாடியில் இருந்தது என்று புரிந்தது அங்கேதான். லோவாரேயில் அவளுக்குக் கல்தான் தெரிந்தது. இடிந்தபடியே விட்டிருந்தால் இன்று ஒலிதே ஊர் எப்படி இருந்திருக்கும்? இங்கே கிராமங்கள் காலியாகிக்கொண்டு வருகின்றன. வெறுமையான ஸ்பெயின் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அரண்மனை நிற்பதால் அந்த ஊரில் ரொட்டிக் கடை திறந்திருக்கிறது.

கல்தச்சன்

ரொட்டிக் கடையை நானும் மறுக்கவில்லை. கட்டவே கூடாது என்று சொல்லவும் இல்லை, மறைக்காமல் கட்டு என்கிறேன். ஸ்பெயினின் 1985 மரபுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சேர்க்கும் பகுதி பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும், பழையதைப் போலப் போலி செய்யக் கூடாது.

அந்தச் சட்டத்தை அப்படியே பின்பற்றியதால் திட்டு வாங்கிய கோட்டையும் உண்டு. காதிஸ் மாகாணத்து மத்ரேரா. 2013இல் மழைக்குக் கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது. மிச்சத்தைத் தாங்க, விழுந்த பகுதியை வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சோடு வழவழப்பான சுவராக எழுப்பினார்கள். 2016இல் படம் வெளியானதும் உலகமே சிரித்தது. ஆனால் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். பழைய கல் எங்கே முடிகிறது என்று ஒரு குழந்தைகூட விரல் வைத்துக் காட்டும். கோபுரத்தின் அளவும் திரும்பக் கிடைத்துவிட்டது. எனக்கு அது நேர்மையான வேலை.

மணல் தம்பி, ஒலிதேக்குப் போங்கள். சுவரின் கீழ்ப்பகுதியை நெருங்கிப் பாருங்கள். கல்லின் நிறமும் உளித் தடமும் மாறுகிற இடத்தை அப்பாவிடம் காட்டுங்கள். அவருக்கு அதுவே ஒரு பாடம்.

தயிர்சாதம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கிராமங்களில் என்ன செய்வது?

துவேரோ_காற்று

கஷ்டம்தான், பட்டினி இல்லை. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பன்றித் தொடைத் துருவலோ சூரை மீனோ வந்துவிடும், அவர்களுக்கு அவை இறைச்சிக் கணக்கில் வராது. பன்றி, மீன், கோழி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்க வேண்டும். பூண்டு சூப்பிலும் பன்றி இருக்கும். ரொட்டித் துருவலை வறுத்துச் செய்யும் மீகாஸ் என்ற இடையர் உணவிலும் அப்படித்தான். முட்டை சாப்பிட்டால் உருளைக்கிழங்குத் தோர்தியா எந்த ஊரிலும் கிடைக்கும். காய்கறிகளைத் தக்காளியோடு வதக்கும் பிஸ்தோ கேட்டுப் பாருங்கள், மேலே முட்டை போடுவார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு முன் கிடைப்பது அரிது. பையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் இருக்கட்டும்.

நெடுஞ்சாலை_நாயகி

ஓட்டுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் நாள் ரவுண்டானாவில்தான் மனம் தடுமாறும், அதனால் மத்ரித் நடுவில் கார் எடுக்காமல் விமான நிலையத்தில் எடுத்து நேராக வெளியே போய்விடுங்கள். ஏ என்ற எழுத்தோடு வரும் நெடுஞ்சாலைகளுக்குச் சுங்கம் இல்லை, ஏபி என்றிருந்தால் இருக்கலாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முன்பணத்துக்கு டெபிட் கார்டை நீட்டினேன். ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்று வாடகைக் கார் கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். கிரெடிட் கார்டு கணவர் பெயரில், ஓட்டுவது நான். ஒன்றரை மணி நேரம் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தோம், கடைசியில் அவரே ஓட்ட வேண்டியதாயிற்று. முன்பதிவு நிபந்தனையில் இந்த வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கிராமத்துக்குள் காரை ஏற்றாதீர்கள். வரைபடச் செயலி ‘நேரே போ’ என்று சொல்லும். அல்பராசினில் அதை நம்பி ஒரு சந்தில் நுழைந்து, இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கி, எதிரே வந்த ஒரு பாட்டி கையைக் காட்டக் காட்டப் பின்னாலேயே இறங்கி வந்தேன். ஊருக்குக் கீழே வண்டி நிறுத்துமிடம் இருக்கும். அங்கேயே விட்டுவிட்டு நடங்கள்.

அல்பராசின் பெயர் வந்ததால் ஒரு வார்த்தை. மணல், இந்த முறை உங்கள் வழியில் அது வராது, விட்டுவிடுங்கள், ஆனால் மறந்துவிடாதீர்கள். அந்த வட்டாரத்துச் சிவப்பு ஜிப்சம் பூசிய வீடுகள், மேல் மாடி கீழ் மாடியைவிட முன்னால் நீட்டிக்கொண்டு எதிர்வீட்டுக் கூரையைத் தொடப் பார்க்கும். சாயங்காலம் ஊரே செங்கல் சூளைபோலச் சிவந்துவிடும். மதில் மலை ஏறிப் போகிறது, பானு ராசின் என்ற பெர்பர் குடும்பம் ஆண்ட ஊர், அவர்கள் பெயர்தான் ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முட்டி வலிக்கு ஏற்ற ஊர் இல்லை.

மணப்பாட்டு_மணல்

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நேற்று இரவு முழு இழையையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘எதிர்க்கட்சியின் வாதம்’ என்ற இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கோர்மாஸ் சேர்ந்தாயிற்று. பத்து இடம் போயிற்று. முடிவான வழி: மத்ரித், கோர்மாஸ், ஒலிதே, ஹவியேர், சோஸ், லோவாரே, அல்கேசர், சரகோசா, மத்ரித்.

ஹவியேர் ஏன் என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். எங்கள் கடற்கரையில் சவேரியார் என்கிற பிரான்சிஸ் சேவியர் பிறந்த கோட்டை அது. 1506. ஊர்ப் பெயர்தான் அவருக்குப் பெயர். பாஸ்க் மொழியில் புது வீடு என்று பொருள், எச்செபெரி என்ற சொல் தேய்ந்து ஹவியேர் ஆகியிருக்கிறது. எங்கள் பக்கம் தெருவுக்கு நான்கு சேவியர், சவரிமுத்து, சவரியம்மாள் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் நவார்ராவில் ஒரு புது வீட்டின் பெயர்! 1542இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்து, ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்து, ஊர் ஊராக நடந்தவர். மணப்பாட்டில் அவர் தங்கியதாகச் சொல்லும் குகைக்கு எதிரே கடல்தான். அப்பா அந்தக் குகையைப் பார்த்து வளர்ந்தவர். புறப்பட்ட இடத்தையும் பார்க்க வேண்டும் என்கிறார்.

சரகோசா_வாசி

அப்படியானால் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். 1512இல் கஸ்தீலியா நவார்ராவைப் பிடித்தது. சேவியரின் அண்ணன்மார் நவார்ரா பக்கம் நின்றார்கள். அதற்குத் தண்டனையாக 1516இல் கஸ்தீலியாவின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த கர்தினால் சிஸ்னேரோஸ் உத்தரவின் பேரில் கோட்டையின் கோபுரங்களைத் தலை வெட்டி, அகழியைத் தூர்த்துவிட்டார்கள். சேவியருக்கு அப்போது பத்து வயது. இன்று நிமிர்ந்து நிற்பது 19, 20ஆம் நூற்றாண்டுகளில் திரும்ப எழுப்பியது. கல்தச்சன் ஐயா கவனிக்கவும்.

மணப்பாட்டு_மணல்

திரும்பி வந்து நான்கு நாள் ஆகிறது. சொன்னபடி எழுதுகிறேன்.

கிரெடிட் கார்டு என் பெயரிலேயே எடுத்துப்போனேன், நாயகி அக்காவுக்கு நன்றி. கோர்மாஸில் எங்களைத் தவிர ஒரு ஜோடி மட்டும். அப்பா லாட வளைவுக்குள் போய் நின்று, முதலில் வடக்கே கைகாட்டி ‘எதிரி’ என்றார். பிறகு சமவெளியை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ‘லோவாரே போனதும் இதே சொல்லைத் தெற்கே காட்டிச் சொல்லணும்’ என்றார். லோவாரேயில் மறக்காமல் சொல்லவும் செய்தார். அங்கே தேவாலயத்துக்கு அடியில் படி ஏற முடிந்தது, இறங்கத்தான் இருபது நிமிஷம். பாறைக்கு மேலே கழுகுகள் எங்கள் கண்மட்டத்தில் சுற்றின.

ஒலிதேயில் உளித் தடம் பார்த்தோம். ஐயா, கீழ் வரிசைக் கல்லை அப்பா உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். காவலாளி ஒன்றும் சொல்லவில்லை.

சோஸில் இரண்டு இரவு தங்கினது நாங்கள் செய்த நல்ல காரியம். ஆறு மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் போனதும் ஊர் வேறு ஊர் ஆகிவிடுகிறது. யாரோ கதவு சாத்துகிற சத்தம் மூன்று சந்துக்குக் கேட்கும். விறகுப் புகை வாசம். நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்கள், அப்பா ஊன்றுகோலோடு மேடேறி வருவதைப் பார்த்துப் பாதி வழியில் எழுந்து ஒரு நாற்காலியைக் கொடுத்துவிட்டார்கள். மொழி தெரியாமலே அரை மணி நேரம் மூன்று பேரும் முட்டிகளைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஹவியேர் கோட்டைக்குள் சிறிய ஜெபக்கூடம் ஒன்றில் மரச் சிலுவை இருக்கிறது. அதில் இயேசு மெல்லச் சிரிக்கிறார். சுற்றிச் சுவரில் எலும்புக்கூடுகள் ஆடுகிற ஓவியம். அப்பா அதை அதிக நேரம் பார்க்கவில்லை. அவர் தேடியது பக்கத்துப் பங்குக்கோயிலில் இருக்கும் தொட்டியை. குழந்தை சேவியருக்குத் திருமுழுக்குக் கொடுத்த கல்தொட்டி என்று காட்டுகிறார்கள். விளிம்பு தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. சட்டைப் பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே மணப்பாட்டுக் கடற்கரைச் சிப்பி ஒன்று, விரல் நகம் அளவு. எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறார். அதைத் தொட்டி விளிம்பில் ஒரு நிமிஷம் வைத்து, மறுபடி எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நெடுஞ்சாலை_நாயகி

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவின் முட்டி இப்போது எப்படி இருக்கிறது?

மணப்பாட்டு_மணல்

இரண்டு நாள் வீக்கம் இருந்தது அக்கா, வற்றிவிட்டது. நேற்று அல்பராசினுக்கு எத்தனை படி என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.